தருமம், உதவி, உரிமை: வாசகர் கேள்வி–பதில்

உதவி செய்வது குறித்து வந்திருந்த கடிதங்கள் பல என்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம். வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்து, ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: ரேஷன் அரிசி, பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு, மருத்துவக் காப்பீடு, மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று எல்லாவற்றையும் அரசே கொடுக்கிறது. நாமும் வரி கட்டுகிறோம். இதற்கு மேல் தனி மனிதர்கள் தருமம் செய்ய என்ன தேவை இருக்கிறது?
(ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திண்டுக்கல்)

தாங்கள் அடுக்கியவற்றில் பள்ளிச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே கிடைத்துவிடும். 1920-இல் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த பள்ளியில் மதிய உணவு தொடங்கப்பட்டது. செலவுக் கணக்கைக் காரணம் காட்டி ஆங்கில அரசு முட்டுக்கட்டை போட்டதால் சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1956-இல் எட்டயபுரத்தில் முதலமைச்சர் காமராஜர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோதுகூட அது முழு அரசுத் திட்டமாக இருக்கவில்லை. ஊரார் கொடுத்த அரிசியையும் பருப்பையும் பணத்தையும் நம்பித்தான் பள்ளி அடுப்புகள் எரிந்தன. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் நன்கொடையாளர்களைத் திரட்டினார். அதன் பிறகுதான் செலவில் 60 சதவீதத்தை அரசும் 40 சதவீதத்தை உள்ளூரும் ஏற்பது என்று முடிவாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும், 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதே வழியில் வந்தவை.

ஆக, இன்று அரசின் கடமையாக நாம் கருதும் ஒன்றை ஊரார் முதலில் செய்து காட்டியிருக்கிறார்கள். அதை அரசு ஏன் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியம். ஆற்றுப் பாசனமும் விளைச்சலும் உள்ள ஊரில் பிள்ளைகளுக்கு அரிசி அளக்க நாலு பேர் முன்வருவார்கள். வானம் பார்த்த பூமியில் கொடுக்க வேண்டியவர் வீட்டிலேயே உலை வைக்க வழி இருக்காது. தேவை மிகுந்த இடத்தில் கொடுப்பவர் குறைந்திருப்பதும், கொடுப்பவர் நிறைந்த இடத்தில் தேவை குறைந்திருப்பதும் தருமத்தோடு பிறந்த குறை. எவ்வளவு நல்ல மனமும் அதைச் சரிசெய்துவிட முடியாது. வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. ஆனால் அது மூட்டப்பட்ட பத்தாண்டுக்குள் வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். ஒரு மாகாணத்தின் பசியை எந்தத் தருமசாலையும் ஆற்ற முடியாது. ஆற்றியிருக்க வேண்டிய அரசோ நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், போதும் என்று கூலியைக் குறைத்துக்கொண்டிருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஏதாவது ஒன்றுக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். வார்டுக்கு வெளியே பாய் விரித்துப் படுத்து எழுந்தவர்கள், ஒயர்கூடையில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்பார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அறுவை சிகிச்சைக்குக் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஆனால் தகப்பனுக்குத் துணையாக வந்த மகன் இழந்த சித்தாள் கூலியை எந்த அட்டையும் தராது. அவனுடைய மூன்று வேளைச் சாப்பாடு, ஊரிலிருந்து வந்துபோகும் பேருந்துச் செலவு, வெளியில் எழுதிக் கொடுத்த மருந்து, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று எதற்கும் அரசின் கணக்கில் தலைப்பு கிடையாது. காப்பீட்டு அட்டை வாங்குவதற்கே வருமானச் சான்று வேண்டும், ரேஷன் அட்டையில் பெயர் சரியாக இருக்க வேண்டும், கைப்பேசி எண் இணைந்திருக்க வேண்டும். தனியாக வாழும் முதியவர்கள் பலர் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் நின்றுவிடுகிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்தவரும் அலுவலகத்தில் அதட்டலுக்கு அஞ்சாதவருமான ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் வாரத்தில் ஒரு காலைப் பொழுதை அவர்களுக்காக ஒதுக்கினால், அது பல ஆயிரம் ரூபாய் நன்கொடையைவிடப் பெரிய தருமம். தங்களைத்தான் சொல்கிறேன்.

கேள்வி: வெள்ளம், புயல் வரும்போதெல்லாம் எங்கள் அலுவலக நண்பர்கள் துணியும் போர்வையும் சேகரித்து லாரியில் அனுப்புகிறோம். கடைசியாகப் போன ஊரில் பழைய துணி மூட்டைகளை இறக்கவே விடவில்லை. உதவப் போனவர்களை இப்படித் திருப்பி அனுப்பலாமா?
(தகவல் தொழில்நுட்ப ஊழியர், சோழிங்கநல்லூர்)

தங்கள் வருத்தம் புரிகிறது. இருந்தாலும் அந்த ஊரார் பக்கம்தான் நான் நிற்பேன். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. முந்தைய நாள் வரை சொந்த உழைப்பில் நல்ல உடை உடுத்திய மீனவக் குடும்பங்கள், யாரோ கழித்துப்போட்ட சாயம் போன சட்டையையும் பொத்தான் இல்லாத கால்சட்டையையும் தொட மறுத்தன. துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் ஊறின. பிணங்களையும் இடிபாடுகளையும் அகற்ற ஆள் போதாமல் தவித்த ஊரில், அந்தத் துணிகளை அகற்றுவதும் ஒரு வேலையாயிற்று. டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் என்னும் அமைப்பு பிறகு அப்படித் தேங்கிய துணிகளைத் தரம் பிரித்துப் பயனாக்கும் பணியை ஏற்றுக்கொண்டது. கொடுத்தவர்கள் வீட்டு அலமாரி காலியானது என்பதைத் தவிர அந்த லாரிகளால் விளைந்த நன்மை சொற்பம்.

துணியாவது வீண் செலவோடு போயிற்று. படகு விஷயம் அதைவிடச் சிக்கலானது. அலையில் படகுகள் நொறுங்கின என்றதும் நன்கொடையாளர்கள் எல்லாருக்கும் படகு வாங்கித் தரும் ஆசை வந்துவிட்டது. படகு கண்ணுக்குத் தெரியும். அதன் பக்கவாட்டில் நிறுவனத்தின் பெயரை எழுதலாம். சாவி கொடுக்கும் விழா நடத்தலாம். முதலில் படகின் சொந்தக்காரர்களுக்கே இழப்பீடு போனது, அந்தப் படகில் பங்குக்குப் போன கூலி மீனவர்கள் விடுபட்டார்கள். அதைச் சரிசெய்கிறேன் என்று வந்த அமைப்புகள் நாலைந்து பேர் கொண்ட குழுக்களுக்கு ஃபைபர் படகுகளை வாரி வழங்கின. பல கிராமங்களில் அலைக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிவிட்டன. கடலுக்குப் போக ஆள் போதவில்லை, கரையோர மீனுக்குப் போட்டி மிகுந்தது. அதே நேரத்தில் மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண்கள், உப்பளத் தொழிலாளர்கள், கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைத்த இருளர்கள், விவசாயக் கூலிகளான தலித் குடும்பங்கள் ஆகியோரிடம் இழந்ததாகக் காட்டப் படகோ வலையோ இல்லாததால், உதவிப் பட்டியலில் இடம்பெற அவர்கள் நெடுநாள் போராட வேண்டியிருந்தது.

பேரிடர் என்றால் எல்லாமே குளறுபடிதான் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதே நாகப்பட்டினத்தில் மாவட்ட நிர்வாகமும், மீனவர்களிடையே ஏற்கெனவே பணியாற்றிவந்த சிநேகா, சிஃப்ஸ் முதலிய அமைப்புகளும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்து, எந்த ஊருக்கு என்ன தேவை, யார் என்ன கொடுக்கப் போகிறார்கள் என்ற விவரத்தை ஓரிடத்தில் திரட்டியதால் குழப்பம் வெகுவாகக் குறைந்தது. உள்ளூரை முன்பே அறிந்தவர்கள் நடுவில் இருந்தார்கள் என்பதே அங்கே வித்தியாசத்தை உண்டாக்கியது.

ஆகவே அடுத்த முறை தங்கள் குழு லாரி பிடிப்பதற்கு முன்பு அந்த ஊரில் ஒருவரிடம் பேசுங்கள்: ஊராட்சித் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுப் பொறுப்பாளர் என்று யாராவது ஒருவர். வெள்ளம் வடிந்த வீட்டில் பெண்கள் கேட்பது பெரும்பாலும் புதிய உள்ளாடை, மாதவிடாய் நாப்கின், பாய், ஸ்டவ், பிள்ளைகளின் பாடப்புத்தகம், பிளீச்சிங் பவுடர். இவற்றை நாம் கேட்காமல் அவர்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பணமாகச் சேர்த்துப் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிக் கொடுத்தால், வெள்ளத்தில் வியாபாரம் படுத்த அந்தக் கடைக்காரரும் தலை நிமிர்வார்.

கேள்வி: பணமாகக் கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பதால் நான் எப்போதும் பொருளாகவே கொடுக்கிறேன். சரிதானே?
(மளிகை வணிகர், விருதுநகர்)

நேருக்கு நேர் தெரிந்த குடிகாரர் ஒருவரைப் பற்றித் தாங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஏழைகள் எல்லாரையும் பற்றிய விதியாக அதை ஆக்குவதற்கு ஆதாரம் இல்லை. பல நாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு ரொக்கமாகக் கொடுத்த திட்டங்கள் பற்றிய ஆய்வுகளை உலக வங்கிப் பொருளியலாளர்கள் 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, அந்தப் பணத்தால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை. நம் ஊரிலும் 2023 முதல் மகளிர் உரிமைத் தொகை குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கிலேயே ஏறுகிறது. எரிவாயு உருளை, பிள்ளையின் வேன் கட்டணம், நகைக்கடன் வட்டி, சீட்டுப் பணம் என்று அது போகும் வழியைத் தங்கள் கடைக்கு மாதப் பற்று வைக்கும் பெண்களிடம் கேட்டாலே தெரியும். பொருளாகக் கொடுக்கும்போது எது தேவை என்பதை நாம் தீர்மானிக்கிறோம். பணமாகக் கொடுக்கும்போது அவர்கள் தீர்மானிக்கிறார்கள். உண்மையில் நமக்கு உறுத்துவது அதுதானோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

கேள்வி: ரமலானில் ஜகாத் பணத்தை வாசலுக்கு வருகிறவர்களுக்குச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரே குடும்பத்துக்கு மொத்தமாகக் கொடுக்கலாம் என்கிறார் என் மகன். எது நல்லது?
(இல்லத்தரசி, மேலப்பாளையம்)

மார்க்கத் தீர்ப்பைத் தங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அம்மா. உதவியின் பயன் என்ற அளவில் மட்டும் என் கருத்தைச் சொல்கிறேன். சேமிப்பில் இரண்டரை சதவீதம் என்பதும், பெறுவதற்கு உரியவர்கள் எட்டு வகையினர் என்பதும் தாங்கள் அறிந்தவை. அந்த எட்டில் கடன்பட்டவர்களும் அடங்குவர் என்பதை நினைத்துப் பார்த்தால், தங்கள் மகன் சொல்வதன் நியாயம் விளங்கும். கந்துவட்டிக்காரரிடம் ஆட்டோவின் ஆர்.சி. புத்தகத்தை அடகு வைத்தவர் வாசலுக்கு வந்து கை நீட்டமாட்டார். நூறு ரூபாய் கொடுத்தாலும் அது அன்றைய வட்டிக்குக் காணாது. அந்தக் கடனை மொத்தமாக அடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு அவர் வாங்குபவர் வரிசையிலேயே இருக்கமாட்டார். வாசலுக்கு வரும் முதியவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராது. ஒரு பகுதியை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, மீதியை ஜமாஅத்திலோ உறவினரோடோ சேர்ந்து ஒரு குடும்பத்துக்கு எனத் திரட்டுங்கள்.

கேள்வி: என் மகளின் பிறந்தநாளை ஆண்டுதோறும் குழந்தைகள் காப்பகத்தில் சாப்பாடு போட்டுக் கொண்டாடுகிறோம். இந்த ஆண்டு படம் எடுக்கக் கூடாது என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அன்போடு வருகிறவர்களிடம் இப்படிக் கண்டிப்புக் காட்டுவது முறையா?
(தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்)

அந்த நிர்வாகி சட்டத்தைப் பின்பற்றியிருக்கிறார். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளம் வெளிப்படும் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். தங்கள் வாட்ஸ்அப் நிலைப்படத்தில் கேக் வாயோடு சிரிக்கும் பிள்ளை, பத்தாண்டு கழித்து வேலைக்குப் போகும் இடத்தில் அந்தப் படத்தால் அடையாளம் காணப்பட விரும்புமா என்று எண்ணிப் பாருங்கள். படம் எடுக்கத் தாராளமாக அனுமதிக்கும் காப்பகத்தைப் பற்றித்தான் தாங்கள் கவலைப்பட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் தீபாவளி வாரமும் வந்தால் காப்பகங்களில் பிரியாணியும் கேசரியும் மிஞ்சுகின்றன. ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்டு, இரண்டு வீட்டாருக்கும் கைதட்டிப் பாட்டுப் பாடவேண்டிய கட்டாயம் பிள்ளைகளுக்கு. ஜூன் மாதத்து ஷூவுக்கும், கண் பரிசோதனைக்கும், பத்தாம் வகுப்புக் கணிதத்துக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியருக்கும், இரவுப் பணியில் இருக்கும் ஆயாவின் சம்பளத்துக்கும் கொடுக்க ஆள் வருவதில்லை, ஏனென்றால் அவற்றில் கொண்டாட ஒன்றும் இல்லை. தங்கள் மகளின் பெயரில் ஆயாவின் ஒரு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்பு அந்த இல்லம் அச்சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதா என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்தக் கூடாது.

கேள்வி: இணையத்தில் ‘குழந்தையின் உயிரைக் காப்பாற்றுங்கள்’ என்று வரும் வேண்டுகோள்களை நம்பிப் பணம் அனுப்பலாமா? அறக்கட்டளைகளின் நம்பகத்தன்மையை எப்படி அறிவது?
(கல்லூரி விரிவுரையாளர், தஞ்சாவூர்)

சிகிச்சைக்கான வேண்டுகோள் என்றால், மருத்துவமனை கையொப்பமிட்ட செலவு மதிப்பீட்டுக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் உள்ள நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவமனைக்கே தொலைபேசியில் பேசி உறுதி செய்யுங்கள். முடிந்தவரை பணத்தை மருத்துவமனைக் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். ஒரே குழந்தையின் படம் பல ஆண்டுகளாக, வேறு வேறு பெயரில், வேறு வேறு வங்கிக் கணக்கோடு சுற்றி வருவது உண்டு. உண்மையான வேண்டுகோளாகவே இருந்தாலும், அந்தச் சிகிச்சை அரசுக் காப்பீட்டில் அடங்குமா என்று யாராவது அந்தப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்னார்களா என்று விசாரிப்பது பணம் அனுப்புவதைவிட அவசரமான உதவியாக அமையக்கூடும்.

அறக்கட்டளை என்றால் ஆண்டறிக்கையையும் தணிக்கை செய்த கணக்கையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 80ஜி வரிச் சலுகைக்கு ஒப்புதல் பெற்ற அமைப்பு, தாங்கள் கொடுத்த தொகையை வருமான வரித் துறைக்குத் தெரிவித்து, 10பிஇ என்ற சான்றிதழைத் தங்களுக்குத் தர வேண்டும். வெறும் ரசீது போதாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் அந்தச் சலுகை கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வரிச் சலுகைக்கான ஒப்புதல் என்பது கணக்கு முறைக்கான சான்று, சேவையின் தரத்துக்கான சான்று அல்ல. அதை அறிய நேரில் போவதைத் தவிர வழியில்லை. அறிவிக்காமல் போங்கள், சமையலறையையும் கழிப்பறையையும் பாருங்கள்.

கேள்வி: நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஓர் அறக்கட்டளை என் கட்டணத்தில் ஒரு பகுதியைச் செலுத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் அவர்கள் விழாவில் மேடையேறி, அப்பா இறந்ததையும் அம்மா வீட்டு வேலைக்குப் போவதையும் மைக்கில் சொல்ல வேண்டியிருக்கிறது. அழுகை வருகிறது. மறுத்தால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனா?
(மாணவி, சேலம் மாவட்டம்)

ஆகமாட்டாய், அம்மா. பணம் கொடுத்தவருக்கு உன் மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. கட்டணம் கல்லூரியைச் சேர்ந்ததா என்று கேட்கும் உரிமையும் உண்டு. உன் தாயின் வறுமையை நூறு பேர் முன்னிலையில் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. பெரும்பாலும் அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. அடுத்த ஆண்டு நன்கொடை திரட்ட இப்படி ஒரு காட்சி வேண்டும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருப்பார்கள், அதன் சுமை மேடையில் நிற்கும் உன்மேல் விழுகிறது.

விழாவுக்கு முன்பே செயலாளருக்கு ஒரு கடிதம் எழுது. உதவிக்கு நன்றி சொல்லி, இந்த ஆண்டு உன் படிப்பைப் பற்றியும் செய்த செய்முறைத் திட்டத்தைப் பற்றியும் பேச விரும்புவதாகவும், குடும்ப நிலையைப் பற்றிப் பேசுவது உனக்கும் அம்மாவுக்கும் வேதனை தருவதாகவும் குறிப்பிடு. நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் உன் துறை ஆசிரியர் ஒருவர் மூலம் கொடுத்து அனுப்பலாம். இன்னொரு பக்கம், அரசிடமிருந்து உனக்கு உரியதெல்லாம் வருகிறதா என்றும் பார்த்துவிடு. குடும்பத்தில் முதல் பட்டதாரி நீதான் என்றால் அதற்கான கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் கணக்கில் வர வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்திருந்தால் கல்விக் கட்டணத்தையே அரசு ஏற்கும். இவற்றைப் பெற எந்த மேடையிலும் ஏற வேண்டியதில்லை. கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவில் இந்த மூன்றையும் பெயர் சொல்லிக் கேள்; இல்லை என்று சொன்னால், எதனால் இல்லை என்று எழுத்தில் தரச் சொல்.